பச்சை காட்டிய பக்கம்

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது எங்கள் ஆமத்தூர் சர்ச்சில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. டீச்சர் என்றால் புரியும், நர்ஸ் என்றால் புரியும். சபையில் வேலைக்குப் போன பெண்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டில் ஒன்றுதான். "எலிசபெத்து விருதுநகர்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாத்துச்சு" என்று ஒரு அம்மா என் காதுபடவே இன்னொருவரிடம் விளக்கினார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அது அப்படியொன்றும் தப்பான பதில் இல்லை.

போன மாதம் ஆபீஸிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புதிதாக ஏஐ ஒன்று வந்திருக்கிறதாம். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் மனுசன் மாதிரி அதுவே வாசித்துக்கொள்ளுமாம். "இனிமே டெஸ்டர்னு ஒருத்தர் எதுக்குக்கான்னு புதுசா வர்றவங்க கேக்குறாங்க. நீங்க எப்பிடி வேலை பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். எனக்கு எழுத வராது, அடுத்தவர் எழுதினதில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் வரும் என்றேன். அதையே எழுதுங்கள் என்று சொல்லி, நான் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சரி, வேலை இதுதான். செய்தித் தளங்களில் வரும் பக்கங்களை ஒரு மென்பொருள் தானாகப் படிக்கும். படித்து, தலைப்பு என்ன, எழுதியவர் யார், எந்தத் தேதி, எந்த ஊர், செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்துக் கொடுக்கும். ஒரு பக்கத்தில் செய்தி மட்டுமா இருக்கிறது? நகைக்கடை விளம்பரம், ராசிபலன், நடிகையின் படம், "இதையும் படியுங்கள்" என்று எல்லாம் நெல்லும் பதருமாகக் கலந்து கிடக்கும். நெல்லை மட்டும் பொறுக்கியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பாடு. அப்படிப் பொறுக்கியதை வாங்குகிற கம்பெனி வெளிநாட்டில் இருந்தது. எந்த ஊரில் என்ன விபத்து, எங்கே வெள்ளம், எங்கே வேலைநிறுத்தம் என்று உலகத்துச் செய்திகளைச் சேர்த்து வைப்பவர்கள் அவர்கள். தமிழ்ப் பக்கங்கள் எங்கள் தலையில் விழுந்தன.

அதற்கு முன்னால் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். அங்கே ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் அச்சான தாளில் விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும். காலண்டர் சீசனில் தொண்டை கட்டிப்போகும். அமாவாசையை ஒரு நாள் தள்ளி அச்சடித்துவிட்டால் தமிழ்நாடே சேர்ந்து திட்டும் என்பதால் அந்த விரல் ஒரு எழுத்தைக்கூடத் தாண்டாது. அச்சகத்தில் கம்ப்யூட்டர் வந்தது, தமிழ் தட்டச்சு படித்தேன், விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய கம்பெனியில் தமிழ் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்றார்கள், போனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்கள் எல்லாம் என் பிள்ளைகள் வயது, நான் ஒருத்திதான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் சங்கரலிங்கம் சார். விருதுநகர்க்காரர்தான், பெங்களூரில் பல வருடம் இருந்துவிட்டு அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திரும்பி வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் எதையாவது கொண்டுபோய்க் காட்டினால் திரையைப் பார்க்க மாட்டார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "வாசிங்க" என்பார். பக்கத்தில் இருப்பதை நாம் சத்தமாக வாசிக்க வேண்டும். தப்பு இருந்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். "இன்னொரு தடவ வாசிங்க" என்பார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது நமக்கே அந்த இடத்தில் நாக்கு நிற்கும். மென்பொருளின் புதுப் பதிப்பை அனுப்புகிற ரிலீஸ் நாட்களில் சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம் மேசையில் இருக்கும். யாரையும் எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டார், பொட்டலத்தை நம் பக்கம் நகர்த்துவார், அவ்வளவுதான்.

சத்தமாக வாசிப்பது அச்சகத்திலிருந்து நான் கொண்டுபோன பழக்கம். எப்படிப் புரூஃப் பார்ப்பீர்கள் என்று சார் என்னிடம் ஒருநாள் விசாரித்தார், மறுநாளே அதை எல்லோருக்கும் சட்டமாக்கிவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

முறை இப்படி. புதிதாக ஒரு பக்கம் வந்தால் மெஷின் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்கவே கூடாது. இரண்டு பேர் தனித்தனியே உட்கார்ந்து, தலைப்பு இது, தேதி இது என்று குறிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அது சரிவிடை. ஒத்துப்போகாவிட்டால் சாரிடம் போகும். சரிவிடை என்று ஒருமுறை ஆகிவிட்டால் எவரும் தனியாக அதில் கை வைக்கக் கூடாது. அதன்பிறகு மெஷினை ஓட விடுவோம். அது சொன்னதும் சரிவிடையும் ஒன்றாக இருந்தால் பச்சை விழும், இல்லையென்றால் சிவப்பு. பத்திரிகைகள் தங்கள் பக்கங்களை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் பழைய பக்கங்களையும் மறுபடி திறந்து ஓட்டிப் பார்ப்போம்.

"செவப்ப எவனும் பாப்பான். பச்சையத் தொறந்து பாக்குறவன்தான் டெஸ்டர்" என்பது சார் சொல்வது. பச்சை விழுந்தவற்றிலும் கொஞ்சத்தை எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. இன்னொன்றும் ஓயாமல் சொல்வார்: "பாத்ததச் சொல்லுங்க, தெரிஞ்சதச் சொல்லாதீங்க."

தொடக்கத்தில் மெஷின் அடித்த கூத்துகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்தின் உச்சியில் அன்றைய தேதி இருக்கும் அல்லவா, அதையே செய்தியின் தேதி என்று எடுத்துக்கொண்டது. எப்போதோ பெய்த மழையெல்லாம் அன்றைக்குப் பெய்ததாக ஆகிவிட்டது. இன்னொரு தடவை அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். தமிழில் ஒரு எழுத்தாளர் எல்லாப் பத்திரிகையிலும் எழுதுகிறார், அரசியல், விளையாட்டு, கோயில் திருவிழா, கொலை எதையும் விடுவதில்லை, அவரைப் பேட்டி காண முடியுமா என்று கேட்டிருந்தார்கள். யாரென்று பார்த்தால் "நமது நிருபர்". சார் அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நான் எழுத வந்தது செல்வியின் பக்கத்தைப் பற்றி.

முத்துச்செல்வி எங்களிடம் சேரும்போது அவளுக்கு முப்பது இருக்காது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள். வெம்பக்கோட்டை தாண்டி உள்ளே ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வந்த முதல் வாரம் சாப்பிடும்போது, "வீட்டுக்காரரு என்ன பண்றாரும்மா?" என்று கேட்டேன். "அவுக இல்லக்கா" என்றாள். எங்கள் பக்கத்தில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி அப்படிச் சொன்னால் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பாதிக்குப் பாதி அது பட்டாசாகத்தான் இருக்கும். நானும் ரசத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று முதலில் கேட்க மாட்டார்கள். "மதுரைக்கு எத்தன பேரக் கொண்டு போயிருக்காக?" என்றுதான் கேட்பார்கள். தீக்காயத்தோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை. முதல் நாள் செய்தியில் வருகிற எண் கடைசி எண்ணாக இருப்பது அபூர்வம். பத்திரிகைக்காரர்களும் அதற்கேற்றபடி அதே பக்கத்தில் தலைப்பை மட்டும் மாற்றிப் போடுவார்கள். மூன்று நான்காகும், நான்கு ஆறாகும்.

அது ஒரு ரிலீஸ் நாள். தீபாவளி லோடு ஏற்றிய லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்ற சமயம். மாலைக்குள் வேலையை முடித்து அனுப்ப வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் சார் கூப்பிட்டார்.

"எலிசபெத்தம்மா, காலைல எல்லாம் பச்சையா இருந்துச்சு. இப்ப ஒண்ணு செவந்து கெடக்கு. சரிவிடையில யாரோ கை வச்சிருக்காக."

"யாரு சார்?"

"செல்வியம்மா பேருலதான் மாறியிருக்கு. சத்தம் போடாம என்னன்னு கேட்டுட்டு வாங்க."

ரிலீஸ் நாளில் சரிவிடையைத் தனியாக மாற்றுவது எங்கள் ஆபீஸில் சின்னக் குற்றமில்லை. அதற்கு முன்னால் ஒரு பையன், சிவப்பைப் பச்சையாக்க விடையைத் திருத்திவிட்டான் என்று சார் அன்றே அனுப்பிவிட்டார். இவள் பச்சையைச் சிவப்பாக்கியிருந்தாள். அப்படி யாராவது செய்வார்களா என்று எனக்குக் குழப்பம்.

போனேன். அவள் திரையில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த விபத்துச் செய்தி, பழையது.

"நீயா செல்வி மாத்துன?"

"ஆமாக்கா."

"யாரக் கேட்டு மாத்துன?"

"யாரையும் கேக்கலக்கா. அஞ்சு பேருன்னு கெடந்துச்சு. அது தப்பு. ஆறு பேரு."

"பக்கத்துல அப்படி இருக்கா, இல்ல ஒனக்குத் தெரியுமா?"

"ரெண்டுந்தேன்" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. சார் அவ்வளவு சொல்லியும் தெரிந்ததை எழுதியிருக்கிறாளே என்று. "எங்க, வாசி" என்றேன். அச்சகத்துப் பழக்கத்தில் திரையின்மேல் விரலை வைத்துக்கொண்டேன்.

வாசித்தாள். தலைப்பில் ஆறு பேர் பலி என்றுதான் இருந்தது. கீழே செய்தி முதல் நாள் எழுதியபடியே இருந்தது. இறந்த ஐந்து பேரின் பெயர்களை வாசித்தாள். பலத்த காயத்துடன் மதுரைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் என்று ஒரு வரி, அதையும் வாசித்தாள். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள், என் விரல் மட்டும் பின்னால் நின்றது. விரல் நின்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது, அதை அவள் வாசிக்கவில்லை.

"ஒரு பேர விட்டுட்டியே."

காதில் விழாதது போலக் கீழே போனாள். பிற்பாடு சேர்க்கப்பட்ட கடைசிப் பத்தி வந்தது. "இதற்கிடையே மதுரையில் சிகிச்சை பெற்று வந்த" என்று வாசித்து நின்றாள். "சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்" என்று முடித்தாள். நடுவில் இருந்த அதே பெயரை மறுபடியும் தாண்டியிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். என் மாமியார் ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பார், அவர்தான் சொல்ல வேண்டும். நான் என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள், கல்யாணமான புதிதில் அதற்காக நான் வாங்காத பேச்சில்லை. படித்த பெண், ஆபீஸுக்கு வருகிறவள், இவளுமா என்று நினைத்தேன்.

"அவுகளா?" என்றேன்.

தலையை ஆட்டினாள். "உசுரோட இருக்கும்போதே சொன்னதில்லக்கா. இப்ப எப்பிடிச் சொல்ல?"

அவள் அழவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பச்சையில ரெண்டு மூணத் தொறந்து பாப்போம்னு பாத்தேன், இது வந்து விழுந்துச்சு. மெஷினும் அஞ்சுங்குது, நம்ம விடையிலயும் அஞ்சு. ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்துக்கிட்டு அஞ்சுங்குறாகக்கா. அப்பிடியே போனா அவுக எங்க போவாக? காயம்பட்டவக வரிசையில கெடப்பாக. அதுக்குப் பெறகு என்ன ஆனாகன்னு எவனுக்கும் தெரியாது."

மெஷின் ஏன் ஐந்து என்றது என்பது பார்த்தவுடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு தலைப்புகள் உண்டு. ஒன்று பெரிய எழுத்தில் நாம் வாசிப்பது. இன்னொன்று மெஷின்களுக்காகப் பின்னால் எழுதி வைப்பது. நம் கண்ணுக்கு அது திரையின் உச்சியில் உள்ள பட்டையில் பொடி எழுத்தாக மட்டும் தெரியும். பெரிய தலைப்பில் ஆறு என்று மாற்றிய பத்திரிகைக்காரர் பின்னால் இருந்ததை மறந்துவிட்டார். எங்கள் மென்பொருள் பின்னால் இருப்பதைத்தான் எடுக்கும். எங்கள் ஆட்கள் சரிவிடை எழுதியது விபத்துக்கு மறுநாள், அன்றைக்குப் பக்கத்தில் ஐந்துதான். பழைய விடையும் மெஷினின் தப்பும் ஒன்றுபோல இருந்ததால் ஒவ்வொரு ரிலீஸிலும் பச்சை விழுந்துகொண்டே வந்திருக்கிறது.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பக்கத்துல ஆறுன்னு இருக்கா?"

"இருக்கு சார். நானே பாத்தேன்."

"அந்தப் பிள்ளைகிட்டப் பேசுனதுக்குப் பெறகுதான பாத்தீக?"

"அதனால என்ன சார்?"

"அப்ப நீங்களும் இதுல விடை எழுத முடியாதும்மா."

எழுந்து செல்வியின் இடத்துக்கு வந்தார். அவள் முன்னாலேயே ஆறை அழித்துவிட்டு மறுபடியும் ஐந்து என்று போட்டார். செல்வி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "சார், அவ புருசன் சார் அது!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்த ஆபீஸில் நான் கத்தியது அன்று ஒருநாள்தான்.

"அதனாலதாம்மா" என்றார் சார். "பொண்டாட்டி மாத்துன விடைன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிரக் கூடாது. ரெண்டு பேரு பாத்து எழுதுன விடையா இருக்கணும். ஜெபராஜக் கூப்பிடுங்க. நானும் இன்னும் தலைப்பப் பாக்கல. நீங்க போட்ட சத்தத்துல மத்தவக எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, ஜெபராஜ் எழுதுறதோட ஒத்தாத்தான் என் விடையும் செல்லும்."

ஜெபராஜ் எங்கள் டெஸ்டர்களில் கெட்டிக்காரன், ஆனைக்குட்டத்துக்காரன். நான் கத்தியபோது அவன் மேல்மாடியில் இருந்தான். அவனிடம் எதையும் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. இருவரும் ஆளுக்கொரு திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் இரண்டே நிமிடத்தில் முடிகிற காரியம். எனக்கோ வாசலைப் பார்ப்பதா, இவர்களைப் பார்ப்பதா என்று இருந்தது. வெம்பக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள் என்றால் அந்தப் பெண் திரும்பி வரமாட்டாள். வேலையை விடுவது ஒருபக்கம். அவுகளை விட்டுவிட்டு ஐந்து என்றே திருப்பி எழுதிய ஆபீஸ் என்று மனதில் வைத்துக்கொண்டே வீட்டில் இருப்பாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விடைகளைச் சேர்த்துப் பார்த்தோம். சார், ஆறு. ஜெபராஜ், ஐந்து.

சார் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் போட்டார்.

"வாசிங்க ஜெபராஜ்."

"பட்டாசு ஆலையில் வெடி விபத்து, ஐந்து பேர் பலி" என்று தயங்காமல் வாசித்தான்.

"இன்னொரு தடவ வாசிங்க."

"பட்டாசு ஆலையில் வெடி விபத்து..." என்றவன் நின்றான். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனான். "சார், ஆறுன்னுல்ல போட்டிருக்கு! இம்புட்டுப் பெரிசா இருக்கு."

"அப்ப அஞ்சு எங்கருந்து வந்துச்சு?"

அவன் காது சிவந்துவிட்டது. "அந்த விபத்து எனக்குத் தெரியும் சார். மறுநாள் அஞ்சு வீட்டுக்கும் போனேன். எங்க சொந்தக்காரரு ஒருத்தரும் அதுல உண்டு. அஞ்சுன்னே மனசுல இருந்துருக்கு. மேல பட்டையிலயும் அஞ்சுன்னு கெடக்கவும் அப்பிடியே எழுதிட்டேன்."

அந்த நேரத்தை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். தெரிந்ததை எழுதிவிட்டாள் என்று நாங்கள் சந்தேகப்பட்டது செல்வியை. உண்மையில் அவள் ஒருத்திதான் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து எழுதியிருந்தாள். தெரிந்ததை எழுதியது ஜெபராஜ். அவனைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாயில்லை. ஐந்து வீட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனவன் அவன். ஆறாவது வீட்டுக்குப் போவதற்குள் அவனவன் பிழைப்பைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது. விபத்துக்கு அடுத்த நாள் ஊரே கூடுகிறது, அடுத்த வாரம் சாகிறவருக்கு அக்கம்பக்கத்தார்தான் மிச்சம். இந்தக் கந்தக பூமியில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், ஆனால் முதல் நாள் வரைதான் தெரியும்.

"போயி அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றார் சார் என்னிடம். "வந்த பெறகுதான் மாத்துவேன். அந்தப் பிள்ள முன்னால வச்சுத்தான அழிச்சேன்."

நல்ல வேளை, பஸ் வரவில்லை. எதிர் டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். லோடு லாரிகள் நகராமல் நின்றதில் பஸ்ஸும் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. லாரிகளை அதுவரை சபித்தவள் அன்றைக்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

"வா, சார் கூப்பிடுறாரு."

"எதுக்குக்கா? அதான் அழிச்சிட்டாகளே."

"ஒனக்கு வேண்டியவருங்குறதால மாத்திட்டன்னு யாரும் சொல்லிரக் கூடாதுன்னு அழிச்சாரு. ரெண்டு பேரு புதுசாப் பாத்தாக. சாரும் ஜெபராஜும்."

"என்ன எழுதுனாக?"

"சாரு ஆறு."

"ஜெபராஜ் அண்ணன்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "மொதல்ல அஞ்சு. வாசிச்சுப் பாத்த பெறகு ஆறு."

அப்போதுதான் அழுதாள். டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு எங்களையே பார்த்தார். "நீங்க டீயப் பாருங்கய்யா" என்று அவரை ஒரு அதட்டுப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

சார் எழுந்து நிற்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "செல்வியம்மா, உங்க விடை சரி. நீங்க தனியா மாத்துனது தப்பு. ரெண்டும் ரெண்டு விஷயம்" என்றார். ஐந்தை அழித்து ஆறு என்று போட்டார். "வாசிங்க" என்றார். அவள் தலைப்பை வாசித்தாள். இன்னொரு தடவை என்று அவர் கேட்கவில்லை. காராச்சேவுப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

அதோடு முடிந்துவிடவில்லை. மெஷினைத் திருத்த வேண்டுமே. பெரிய தலைப்பையே எப்போதும் எடுக்கச் சொன்னால், சில பத்திரிகைகளில் அந்த இடத்தில் விளம்பரம் உட்கார்ந்திருக்கும், சரியாக இருந்தவையெல்லாம் கெடும். மென்பொருள் எழுதுகிற மேல்மாடிக்காரர்கள், "ஒரே ஒரு பேஜுக்காக ரிலீஸத் தள்ளணுமா சார்?" என்று கேட்டார்கள். சார் யோசித்துவிட்டு, "ஒரு பேஜுன்னு நமக்கு எப்பிடித் தெரியும்? பச்சையா இருக்குறத யாரு எண்ணுனா?" என்றார். வெளிநாட்டுக் கம்பெனிக்கு அவரே போன் செய்து, இன்றைக்கு வராது என்று சொன்னார். அந்தப் பக்கம் நல்லபடியாகப் பேசவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் ஒரு வழி பிறந்தது. இரண்டு தலைப்புகளிலும் எண்கள் வேறாக இருந்தால் மெஷின் தானாக முடிவு செய்யக் கூடாது, மனிதர் பார்க்கும்வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

அப்படி நின்றவற்றைப் பார்க்கும் பொறுப்பைச் செல்வியே கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் தங்கம் விலை வந்து நிற்கும், அணையின் நீர்மட்டம் நிற்கும், கிரிக்கெட் ஸ்கோர் நிற்கும். அவற்றுக்கு நடுவில் எங்கள் பக்கத்து விபத்துகளும் நிற்கும், மூன்று நான்காக, நான்கு ஐந்தாக. ஒன்றைக்கூட அவள் பார்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை. உறவுக்காரர் பக்கத்தை நாமே குறிக்கக் கூடாது என்று சார் ஒரு விதி சேர்த்தார். அதையும் அவள் ஒருநாளும் மீறியதில்லை.

சார் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றார். பிறகு நானும் பெற்றேன். அந்தப் பத்திரிகை தன் தளத்தையே புதிதாக மாற்றியபோது பழைய பக்கங்கள் பல போய்விட்டன. இன்றைக்கு அந்த விபத்தைத் தேடினால் நீங்கள் கேட்ட பக்கம் இல்லை என்றுதான் வருகிறது. எங்கள் ஆபீஸில் சோதனைக்காகச் சேமித்து வைத்த நகல் மட்டும் இருக்கிறது. மென்பொருள் எத்தனை தடவை மாறினாலும் அந்தப் பக்கத்தைக் கொடுத்துப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. டெஸ்டர் எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நேற்று சாயங்காலம் செல்வி போன் செய்தாள். இப்போது சார் இருந்த நாற்காலியில் அவள்தான் இருக்கிறாள். புதிதாக வந்திருக்கிற ஏஐயிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்தார்களாம், விடை எழுதியது வேறு இரண்டு பிள்ளைகளாம்.

"என்ன சொல்லுச்சு?" என்றேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதை அணைக்கவும் தோன்றவில்லை.

"ஆறுன்னு சொல்லிருச்சுக்கா. தலைப்பு மட்டுமில்ல, எறந்தவக பேரையெல்லாம் தனியா எடுத்து வரிசையாப் போட்டிருக்கு."

"எத்தன பேரு இருக்கு?"

"ஆறு."

"வாசி" என்றேன். பழக்க தோஷம், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வாசித்தாள். ஐந்து பெயர்களும் வந்தன. ஐந்தாவதோடு நின்றாள். வேண்டாம்மா, விடு என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"மாரிச்சாமி" என்றாள்.

இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சார் இருந்தால் என்ன சொல்வாரோ அதுதான் வாயில் வந்தது.

"இன்னொரு தடவ வாசிம்மா."

ஆறு பெயரையும் முதலிலிருந்து வாசித்தாள். இந்தத் தடவை எங்கேயும் நிற்கவில்லை.